கறுப்புத் திரைக்குள் எத்தனை பேர்?

சில ஆண்டுகளுக்கு முன்பு லினக்ஸ் கணினியில், கட்டளைகளை எழுத்தில் அடித்து வேலை வாங்கும் கறுப்புச் சாளரமான டெர்மினலைத் திறந்து, நெடுநேரம் ஓடக்கூடிய வேலை ஒன்றைத் தொடங்கிவிட்டிருந்தேன். வரிகள் கடகடவென்று மேலேறிக்கொண்டிருந்தன. எழுத்துவேலை செய்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கை தானாகவே கன்ட்ரோல் விசையையும் எஸ் விசையையும் சேர்த்து அழுத்திவிடும், கோப்பைச் சேமித்தாயிற்று என்ற நிம்மதிக்காக. அன்றும் அழுத்தினேன். திரை அப்படியே நின்றுவிட்டது. என்ட்டர் தட்டினேன், எஸ்கேப் தட்டினேன், தட்டக்கூடிய எல்லாவற்றையும் தட்டினேன். ஒன்றும் அசையவில்லை. கடைசியில் மின்பொத்தானை அழுத்திப் பிடித்துக் கணினியை அணைத்தேன். மூன்று மணி நேர வேலை போயிற்று. கன்ட்ரோலுடன் க்யூ விசையை ஒருமுறை அழுத்தியிருந்தால் போதும் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

ஏன் க்யூ? அதற்கு 1963க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு டெலிடைப் மாடல் 33 என்ற தட்டச்சு இயந்திரம் சந்தைக்கு வந்தது. தொலைவிலுள்ள கணினியோடு கம்பி வழியாகப் பேசும். பதிலைத் தாளில் அச்சடிக்கும். வேகம் விநாடிக்குப் பத்து எழுத்து. அதன் பக்கவாட்டில் துளையிட்ட காகித நாடாவைப் படிக்கும் கருவியும் இருந்தது. மறுமுனை திணறினால் "நிறுத்து" என்று ஒரு குறியீடு, மூச்சு வாங்கிக்கொண்டபின் "தொடரலாம்" என்று இன்னொரு குறியீடு. முன்னது கன்ட்ரோல்-எஸ், பின்னது கன்ட்ரோல்-க்யூ. நாடாவும் போயிற்று, இயந்திரமும் அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. ஆனால் என் மேசையிலிருந்த கணினி அந்தக் குறியீட்டை மறக்கவில்லை. நான் நிறுத்தச் சொன்னேன், அது நிறுத்தியது. அவ்வளவுதான் நடந்தது.

அன்று என்னைத் தடுமாற வைத்தது அறியாமை மட்டும் என்று சொல்ல மாட்டேன். கறுப்புத் திரையில் ஒரே ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன், கோளாறு அங்கேதான். உண்மையில் அங்கே நான்கு பேர் இருக்கிறார்கள். சாளரத்தை வரைகிற டெர்மினல், விசைகளையும் வரிகளையும் கவனிக்கிற, இயக்குதளத்தின் உட்கருவான கெர்னல், கட்டளையைப் படித்துப் பொருள்கொள்கிற ஷெல், வேலையைச் செய்கிற நிரல். எந்தக் குழப்பம் வந்தாலும் இந்த நால்வரில் யார் பேசுகிறார் என்று கேட்டுக்கொண்டால் பாதி தெளிந்துவிடும். கன்ட்ரோல்-எஸ்ஸைப் பிடித்துவைத்தவர் கெர்னல். ஷெல்லுக்கு அது தெரியவே தெரியாது.

(கட்டளைப் பெயர்களை இங்கே ஒலிப்பில் எழுதுகிறேன். விசைப்பலகையில் அடிக்க வேண்டியது ஆங்கிலச் சிற்றெழுத்துகளை.)

இதைக் கண்ணால் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. டெர்மினலில் 'கேட்' என்று மட்டும் அடித்து என்ட்டர் தட்டுங்கள். கோப்பின் பெயர் எதையும் கொடுக்க வேண்டாம். ஒன்றும் நடக்காது, கர்சர் மினுக்கிக்கொண்டிருக்கும். இப்போது "வணக்கம்" என்று எழுதுங்கள். எழுத்துகள் திரையில் தெரிகின்றன. என்ட்டர் தட்டியதும் அதே சொல் இன்னொரு முறை கீழே வருகிறது. முதலில் தெரிந்த "வணக்கம்" கெர்னல் எதிரொலித்தது. கேட் நிரல் அப்போது உறங்கிக்கொண்டிருந்தது. வரி முடிந்ததும் கெர்னல் அதை எழுப்பி வரியைக் கையில் கொடுத்தது. வந்ததை அப்படியே திருப்பி எழுதுவதுதான் கேட்டின் வேலை, எழுதியது. இரண்டாவது "வணக்கம்" அதனுடையது. வெளியே வர, கன்ட்ரோல்-டி.

கடவுச்சொல் அடிக்கும்போது பெரும்பாலும் ஒரு நட்சத்திரக் குறிகூடத் தெரியாமல் திரை வெறுமையாக இருப்பதற்கும் இதுவே காரணம். கடவுச்சொல் கேட்கும் நிரல், எதிரொலியைச் சற்று நிறுத்தி வைக்கும்படி கெர்னலிடம் கேட்டுக்கொள்கிறது. விசைப்பலகை பழுதென்று நினைத்துப் புதிதாக வருகிறவர்கள் அதைத் தட்டித் தட்டிப் பார்ப்பார்கள். நானும் தட்டியிருக்கிறேன்.

கன்ட்ரோல்-சி கதையும் இதே குடும்பம்தான். மற்ற இடங்களில் அது நகலெடுக்கும். இங்கே ஓடிக்கொண்டிருக்கும் வேலையை நிறுத்தச் சொல்லிக் கெர்னல் அனுப்பும் சைகை. இந்தப் பொருள் நகலெடுக்கும் பொருளைவிட மூத்தது. அதனால்தான் லினக்ஸ் டெர்மினல்களில் நகலெடுக்க ஷிஃப்ட்டையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கிறது. மேக் கணினியில் நகலெடுப்பது கமாண்ட் விசையின் பொறுப்பு என்பதால் அங்கே இந்தச் சண்டையே இல்லை.

லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸ் என்ற இயக்குதளம் 1969இல் நியூ ஜெர்சியின் மரே ஹில்லில், பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாகத் தொடங்கியது. கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் அதை எழுதியபோது முன்னால் இருந்தவை இந்த டெலிடைப்புகள்தாம். விநாடிக்குப் பத்து எழுத்து என்றால், 72 எழுத்து கொண்ட ஒரு வரி அச்சாக ஏழு விநாடிக்கு மேல் ஆகும். விசைகளும் இரும்புத்தனமானவை, விரலால் குத்த வேண்டும். இப்படிப்பட்ட இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறவர் கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளைக்கு நீளமான பெயர் வைப்பாரா? 'எல்எஸ்' என்று வைத்தார்கள். நகலெடுக்க 'சிபி', நகர்த்த 'எம்வி', அழிக்க 'ஆர்எம்'. வேலை சரியாக முடிந்தால் நிரல் வாயைத் திறக்காது என்ற வழக்கமும் இந்தச் சூழலுக்கு வெகு பொருத்தமாக அமைந்தது. "உங்கள் கோப்பு வெற்றிகரமாக நகலெடுக்கப்பட்டது" என்று தாளில் அச்சாகி முடியும்வரை யார் காத்திருப்பது? இந்த மௌனத்தைப் பலர் முரட்டுத்தனம் என்கிறார்கள். எனக்கு அது பிடிக்கும். காரியத்தை முடித்துவிட்டுச் சும்மா நகர்கிற ஆட்களைப் பிடிப்பதுபோல.

டெலிடைப்பின் சுருக்கப்பெயர் 'டிடிஒய்'. அந்தப் பெயரிலேயே இன்றும் ஒரு கட்டளை இருக்கிறது. அடித்துப் பார்த்தால், நீங்கள் எந்த "இயந்திரத்தின்" முன்னால் அமர்ந்திருக்கிறீர்கள் என்று சொல்லும். இல்லாத இயந்திரத்துக்கு எண் கொடுத்து வைத்திருக்கிறது கணினி. தாளின் இடத்தில் திரை வந்தபின் பல நிறுவனங்கள் டெர்மினல்களைச் செய்தன. டெக் நிறுவனம் 1978இல் கொண்டுவந்த விடி100 இவற்றில் நிலைத்த பெயர். எஸ்கேப் குறியீட்டில் தொடங்கும் சில எழுத்துகளை அனுப்பினால் கர்சர் நகரும், எழுத்து தடிக்கும், திரை துடைக்கப்படும். இன்று நாம் திறக்கும் டெர்மினல் சாளரங்கள் இந்த இயந்திரத்தைப் போல நடிக்கும் மென்பொருள்கள். படக் கோப்பு ஒன்றைத் தவறிக் கேட்டிடம் கொடுத்துப் பாருங்கள். திரை கிறுக்குப்பிடித்ததுபோல் ஆகும்; அதற்குப்பின் நீங்கள் அடிக்கும் எழுத்துகளும் புரியாத குறிகளாக வரலாம். படத்தின் பைட்டுகளில் (கணினி தகவலைச் சேமிக்கும் சிறு துண்டுகள்) சில தற்செயலாக விடி100 கட்டளைகளாக அமைந்துவிட்டன. டெர்மினல் அவற்றுக்குக் கீழ்ப்படிந்துவிட்டது. அடிப்பது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் 'ரீசெட்' என்று அடித்து என்ட்டர் தட்டினால் தெளிந்துவிடும்.

சொந்தக் கோப்புறையை (ஆங்கிலத்தில் 'ஹோம்') '~' என்ற அலைக்குறியால் சுட்டுகிறோமே, அதுவும் ஒரு பழைய விசைப்பலகையின் எச்சம். 1970களில் வந்த ஏடிஎம்-3ஏ (ADM-3A) டெர்மினலில் 'ஹோம்' என்ற சொல்லும் அலைக்குறியும் ஒரே விசையில் இருந்தன.

இனி ஷெல். இந்தச் சொல்லைக் கட்டளை வாங்கும் நிரலுக்குச் சூட்டியவர் லூயி பூசான் என்ற பிரெஞ்சுக்காரர், 1960களின் நடுவில், யூனிக்ஸுக்கு முந்தைய மல்டிக்ஸ் இயக்குதளத் திட்டத்தின்போது. தாம்ப்சன் 1971இல் யூனிக்ஸின் முதல் ஷெல்லை எழுதினார். ஸ்டீபன் போர்னின் ஷெல் 1979இல் வந்தது. பிரையன் ஃபாக்ஸ் எழுதிய பாஷ் 1989இல். அதன் பெயரே ('போர்ன் அகெய்ன் ஷெல்') போர்னை வைத்துச் செய்த சிலேடை. அடுத்த ஆண்டு இசட்ஷெல். 2019இல் ஆப்பிள் பாஷை விட்டு இசட்ஷெல்லுக்கு மாறியது. விண்டோஸும் 2016 முதல் லினக்ஸ் ஷெல்லுக்குத் தன் வீட்டிலேயே அறை ஒதுக்கிவிட்டது. எந்த ஷெல் சிறந்தது என்ற வாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. எல்லாம் செய்வது ஏறக்குறைய ஒன்றைத்தான். ஒரு வரியை வாங்குகிறது, இடைவெளி பார்த்துத் துண்டாக்குகிறது, சில குறிகளை விரித்து எழுதுகிறது, முதல் துண்டை நிரலின் பெயராகக் கொண்டு அதை ஓடவிட்டுக் காத்திருக்கிறது.

இந்த "விரித்து எழுதுகிறது" என்ற இடத்தில்தான் ஆபத்து குடியிருக்கிறது. நட்சத்திரக் குறி '*' என்றால் "எல்லாக் கோப்புகளும்" என்று பலருக்குத் தெரியும். அதை விரிப்பது யார் என்பது தெரிந்தவர் குறைவு. நீங்கள் 'ஆர்எம் *' என்று அடித்தால் ஆர்எம் நிரலின் கண்ணில் நட்சத்திரம் படுவதே இல்லை. ஷெல் கோப்புறையைத் திறந்து, அங்கிருக்கும் பெயர்களை வரிசையாக எழுதி நீட்டுகிறது. நாற்பது கோப்பு இருந்தால் நாற்பது பெயர். நீங்களே ஒவ்வொன்றாக யோசித்து அடித்தீர்களா, அல்லது ஒரு குறியை அலட்சியமாகத் தட்டினீர்களா என்று அந்த நிரலால் கண்டுபிடிக்க முடியாது. எனவே "எல்லாவற்றையும் அழிக்கட்டுமா?" என்று கேட்கவும் அதனால் முடியாது. இசட்ஷெல் மட்டும் இந்தக் கட்டளையைக் கண்டால் ஒரு கணம் நிறுத்திக் கேட்கும். கேட்கிறவர் ஷெல் என்பதைக் கவனியுங்கள். நட்சத்திரத்தைப் பார்த்தவர் அவர் ஒருவர்தாம்.

2015 ஜனவரியில் ஸ்டீம் விளையாட்டுத் தளத்தின் லினக்ஸ் பதிப்பில் நடந்தது இதற்குக் கொடுமையான சான்று. அதன் தொடக்க ஸ்கிரிப்ட்டில், அதாவது ஷெல்லுக்கான கட்டளைகளை எழுதிவைத்த கோப்பில், ஒரு வரி இருந்தது: நிரல் நிறுவப்பட்ட கோப்புறையின் முகவரி, அதன்பின் ஒரு சாய்கோடு, அதன்பின் நட்சத்திரம், இவற்றை உள்ளதெல்லாம் சேர்த்து அழித்துவிடு. முகவரி ஒரு மாறியில், அதாவது மதிப்பைப் போட்டுவைக்கும் ஒரு பெயரில், இருந்தது. கோப்புறையை இடம் மாற்றி வைத்திருந்த ஒருவரின் கணினியில் அந்த மாறி வெறுமையாகிப்போனது. வெறுமை, சாய்கோடு, நட்சத்திரம் என்றால் மிஞ்சுவது "/*". அதாவது வட்டின் வேரிலிருந்து எல்லாம். அந்தப் பயனருக்கு உரிமையுள்ள கோப்புகள் அத்தனையும் போயின. இணைத்திருந்த வெளி வட்டும் தப்பவில்லை. அந்த வரியை எழுதியவர் பயமாயிருக்கிறது என்று பொருள்படும் ஒற்றைச் சொல்லை அங்கேயே குறிப்பாக எழுதி வைத்திருந்தார். பயந்தவர் ஒரு சோதனை வரியையும் சேர்த்திருக்கலாம்.

என் வழக்கம் இது: எதை அழிப்பதானாலும் முதலில் 'ஆர்எம்' இருக்கும் இடத்தில் 'எக்கோ' என்று, கொடுத்ததை அப்படியே திரையில் காட்டும் கட்டளையை, போட்டு ஓட்டுவேன். ஷெல் விரித்த பட்டியல் திரையில் வரும். அதைப் படித்துப் பார்த்தபிறகு மேல்நோக்கிய அம்புக்குறியை அழுத்தி, எக்கோவை ஆர்எம் ஆக்குவேன். மூன்று விநாடி கூடுதலாகும். இங்கே குப்பைத்தொட்டி கிடையாது என்பதால் அந்த மூன்று விநாடி கட்டுப்படியாகும்.

ஷெல்லின் இன்னொரு குறி '|'. ஒரு நிரலின் வெளியீட்டை அடுத்த நிரலின் வாயில் ஊற்றும் குழாய். பெல் ஆய்வுக்கூடத்தின் டக் மெக்கில்ராய் 1964லேயே, தோட்டத்துக் குழாய்களைத் திருகி இணைப்பதுபோல நிரல்களை இணைக்க வேண்டும் என்று ஒரு குறிப்பில் எழுதி வைத்தார். ஒன்பது ஆண்டு விடாமல் நச்சரித்தபின் 1973இல் தாம்ப்சன் அதை யூனிக்ஸில் பொருத்தினார். மெக்கில்ராய் பெயரோடு இன்னொரு நிகழ்ச்சியும் சேர்ந்து வரும். 1986இல் ஒரு கணினி இதழின் பத்திக்காக, ஓர் உரையில் அதிகம் வரும் சொற்களைக் கண்டுபிடிக்கும் நிரலைக் கணினி அறிஞர் டொனால்ட் குனூத் எழுதினார்; பல பக்கங்களுக்கு நீண்ட, செதுக்கிய நிரல். அதை விமர்சிக்க அழைக்கப்பட்ட மெக்கில்ராய், அதே வேலையைச் செய்யும் ஆறு கட்டளைகளைக் குழாயில் கோத்து எழுதிக்காட்டினார். குனூத் தோற்றார் என்று இதைச் சொல்வது வழக்கம். அது நியாயமில்லை. கேட்கப்பட்டதே, நிரலை விளக்கத்தோடு கட்டுரைபோல எழுதும் அவருடைய முறைக்கு ஒரு மாதிரி. ஆனாலும் அந்த ஆறு கட்டளை வசீகரமானது.

அதைத் தமிழில் செய்துபார்க்கும் ஆசை எனக்கு வந்தது. ஒரு கட்டுரைத் தொகுப்பின் மெய்ப்புத் திருத்தம் கையில் இருந்தது. ஆசிரியர் சில சொற்களை அளவுக்கு மீறிப் பயன்படுத்துகிறார் என்ற சந்தேகம். மெக்கில்ராயின் முதல் கட்டளை 'டிஆர்'. எழுத்து அல்லாத எல்லாவற்றையும் வரி முறிவாக மாற்றி, சொல்லுக்கு ஒரு வரி ஆக்கும். முதல் அடியிலேயே சறுக்கியது. லினக்ஸில் வரும் டிஆர் எழுத்துகளைப் பார்ப்பதில்லை, பைட்டுகளைப் பார்க்கிறது. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்று. தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். மூன்றில் ஒன்றை அது கிள்ளி எடுத்தால் சொல் சிதைந்துபோகிறது.

'தமிழ்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு மூன்று எழுத்து. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடுக்கு ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. எண்ணிச் சொல்லும் 'டபிள்யூசி' கட்டளையிடம் பைட் கணக்குக் கேட்டால் 15 என்கிறது. குறிகளின் கணக்குக் கேட்டால் 5. மூன்று என்ற விடையை அதனிடமிருந்து வாங்கவே முடியாது. (எக்கோ வழியாகக் கொடுத்தால் 16, 6 என்று வரும். கடைசியில் ஒரு வரி முறிவை எக்கோ தானாகச் சேர்த்துவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது ஆயிற்று.)

டிஆரை விட்டுவிட்டேன். தமிழ்க் குறிகளின் தொடர்ச்சியை மட்டும் பிடித்து வரிக்கு ஒன்றாகத் தரும்படி 'கிரெப்'பிடம் சொல்லலாம். அதன் வெளியீட்டைச் 'சார்ட்' வரிசைப்படுத்துகிறது, 'யூனிக்' எண்ணுகிறது, மீண்டும் ஒரு சார்ட், இம்முறை எண்ணிக்கையின்படி பெரியதிலிருந்து, முதல் சில வரிகளை 'ஹெட்' காட்டுகிறது:

கிரெப் | சார்ட் | யூனிக் | சார்ட் | ஹெட்

சார்ட் ஏன் இருமுறை? யூனிக் அடுத்தடுத்து நிற்கும் வரிகளை மட்டுமே ஒப்பிடும். ஒரே சொல் கலைந்து கிடந்தால் அதற்குக் கணக்கு வராது. முதலில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியாக வேண்டும். என்ட்டர் தட்டிய மறுகணம் பட்டியல் வந்தது. 'ஒரு' முதலிடம், அது எதிர்பார்த்ததுதான். 'என்பது' மேலே ஏறி நின்றது. ஆசிரியரிடம் பட்டியலை அனுப்பினேன். இரண்டு நாள் பேசவில்லை.

வரிசைப்படுத்துவதில் வேறு வில்லங்கம். மொழி அமைப்பைச் சொல்லாமல் பைட் முறையில் விட்டால் சார்ட் யூனிகோட் எண் வரிசையில் அடுக்கும். அங்கே 'ந'வுக்கு அடுத்து 'ன', அதற்குப் பிறகே 'ப'. நம் நெடுங்கணக்கில் ன கடைசி. புள்ளிக்கு யூனிகோடில் பெரிய எண் கிடைத்திருப்பதால், 'பகல்' முதலில் வந்து 'பக்கம்' பின்னால் போகிறது. அகராதியில் 'பக்கம்'தான் முன்னே நிற்கும். சொல்லடைவு தயாரிக்கிறவர்கள் இதைக் கவனிக்காவிட்டால் பின்னிணைப்பு முழுவதும் தலைகீழாகும். தேடுவதிலும் ஒரு பொறி உண்டு. 'கொ'வை இரண்டு குறியாகவும் எழுதலாம். க, கொம்பு, கால் என்று மூன்று குறியாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கிரெப்புக்கு அவை வேறு வேறு சொல். பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய கோப்புகளில் தேடிய சொல் கிடைக்காமல் போனால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

இத்தனை தொல்லையையும் மீறித் தமிழ் இந்தக் குழாய்களுக்குள் ஓடுகிறது என்றால் அதற்கு, யூனிகோட் எண்களைப் பைட்டுகளாக எழுதும் முறையான யூடிஎஃப்-8 காரணம். 1992 செப்டம்பரில், நியூ ஜெர்சியின் ஓர் உணவகத்தில், தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தில் அதை வகுத்தவர்கள் ராப் பைக்கும் அதே கென் தாம்ப்சனும். பிற மொழி எழுத்துகளின் பைட்டுகளில் எதுவும் ஆங்கில எழுத்தோ இடைவெளியோ சாய்கோடோ போல வேடம் போட முடியாதபடி அமைத்தார்கள். அதனால் தமிழ் என்ற ஒன்றைக் கேள்விப்படாத பழைய நிரலும், இடைவெளியில் வெட்டச் சொன்னால் தமிழ் வரியைச் சரியாகவே வெட்டும்.

ஆனால் வரைவது டெர்மினலின் வேலை, அது இன்னும் விடி100 போலவே யோசிக்கிறது. ஒரு குறிக்கு ஒரு கட்டம். கொம்பைப் பின்னால் வாங்கி முன்னால் வரைய வேண்டும் என்பது அந்தக் கட்டக் கணக்கில் இல்லை. இகரக் குறியை யூனிகோட் இடம் பிடிக்கும் குறியென்றும் ஈகாரக் குறியை இடம் பிடிக்காத குறியென்றும் வகைப்படுத்தியிருப்பதால், பல டெர்மினல்களில் 'கி' இரண்டு கட்டம், 'கீ' ஒரு கட்டம். வரியைத் திருத்தப் போனால் கர்சர் ஓர் இடத்தில் நிற்கிறது, எழுத்து இன்னோர் இடத்தில் அழிகிறது. சில டெர்மினல்கள் நன்றாகவே சமாளிக்கின்றன, பல சமாளிப்பதில்லை.

முன்பெல்லாம் இதைப் பார்த்ததும் கோப்பே கெட்டுவிட்டதென்று பதறுவேன். இப்போது அந்தச் சொல்லை டபிள்யூசிக்கு அனுப்பிக் கேட்கிறேன். திரையில் புள்ளி ஒரு பக்கம், ழகரம் ஒரு பக்கம் பிரிந்து கிடக்க, அது 15 என்கிறது.